சாம்பல் நிறப் பேண்ட் போட்ட கோல்கீப்பர்

என் பேரன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். அவனுடைய பள்ளிக் கால்பந்து அணியில் அவனைக் கோல்கீப்பராகச் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் முதல் கோல்கீப்பராக அல்ல. முதல் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் நிறுத்துவதற்கென்று வைத்திருக்கும் இரண்டாவது ஆள். இந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள் நடந்துவிட்டன. ஆறிலும் அவன் மைதானத்து ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினான்.

ஆறாவது முறை திரும்பி வந்தவன் காலணியைக் கழற்றாமலே என்னிடம் கேட்டான்: "தாத்தா, ஓடத் தெரியாதவனைத்தான் கோல்ல நிறுத்துவாங்களாமே, நிஜமா? அதுலயும் ரெண்டாவது ஆள்னா எதுக்குமே உதவாதவனாம். நான் விட்டுடப் போறேன்."

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். பயன்படாமல் நிற்கும் ஒரு கருவியின் அருமை, பயன்படும் கருவி படுத்துக்கொண்ட இரவில்தான் தெரியும் என்பது எங்கள் தொழிலில் கற்றது. ஆனால் அதைப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆகவே ஒரு ஹங்கேரி நாட்டுக் கோல்கீப்பரின் கதையை மூன்று நாள் மாலைகளில் அவனுக்குச் சொன்னேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியும் கேட்டுவிட்டு, "இதையே நம்ம சங்கத்து இதழுக்கு எழுதிக் கொடுங்களேன், எத்தனை நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அவர் பெயர் கிராய் காபோர். கிராய் என்பது குடும்பப் பெயர், காபோர் இட்ட பெயர். ஐரோப்பாவில் மற்றவர்கள் இட்ட பெயரை முன்னால் எழுத, ஹங்கேரியர் மட்டும் குடும்பப் பெயரை முன்னால் எழுதுகிறார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இது ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது. கிராய் என்றால் அவர்கள் மொழியில் அரசன் என்று பொருள்.

1976 ஏப்ரல் 1 அன்று சொம்பத்ஹெய் என்ற ஊரில் பிறந்தார். ஹங்கேரியின் மேற்கு ஓரத்தில், ஆஸ்திரிய எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் போல உள்ள பழைய ரோமானிய ஊர் அது. அங்கே ஒரு ரயில் சந்திப்பு உண்டு. அந்த ஊரின் கால்பந்துக் குழுவின் பெயர் ஹலதாஷ். 'முன்னேற்றம்' என்று பொருள். 1919-இல் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கிய குழு அது. அதன் முழுப் பெயரிலேயே ரயில்வேக்காரர் சங்கம் என்று இருக்கும். எனக்கு இந்த மனிதர் மீது முதலில் பற்று வந்ததற்கு இதுதான் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கால்பந்தை வளர்த்ததில் உலகெங்கும் ரயில்வேக்கு ஒரு பங்கு இருக்கிறது. நாம் வாழும் இந்தக் கல்கத்தாவிலேயே 1958-இல் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி லீக் பட்டம் வென்றது எங்கள் ஈஸ்டர்ன் ரயில்வே அணி. அந்த அணியின் பி. கே. பானர்ஜியைப் பற்றி நான் வேலையில் சேர்ந்த காலத்துப் பெரியவர்கள் பேசினால் தேநீர் ஆறிப்போகும்.

ஹங்கேரிக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அதே பி. கே. பானர்ஜி தலைமையில் இந்திய அணி ஹங்கேரியைச் சந்தித்து 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. அன்று நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். மதராஸ் ரெஜிமென்ட்டில் ஆடி வளர்ந்தவர். இந்த ஊர் மைதானங்களில் மொகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியவர். "கோல்கீப்பர்னா ஓடத் தெரியாதவன்" என்று தங்கராஜைப் பார்த்தவர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோல்கீப்பர் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் அகலம். குறுக்குக் கம்பம் 2.44 மீட்டர் உயரத்தில். பெனால்டி உதைக்கும் புள்ளி 11 மீட்டர் தூரத்தில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் பந்து கோட்டை அடைய 0.4 நொடி ஆகும். இந்த நேரத்துக்குள் கண் பார்த்து, மூளை தீர்மானித்து, எண்பது தொண்ணூறு கிலோ உடம்பு மூன்று மீட்டருக்கு மேல் பாய வேண்டும். நடக்காத காரியம். ஆகவே உதைப்பவனின் இடுப்பையும் ஊன்றிய காலையும் பார்த்து, பந்து கிளம்பும் முன்பே ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டும்.

எங்கள் சிக்னல் துறையில் ஒரு விதி உண்டு. கம்பி அறுந்தாலும், மின்சாரம் போனாலும், எந்தக் கோளாறு வந்தாலும் சிக்னல் தானாகச் சிவப்புக்குத்தான் போக வேண்டும். அப்படித்தான் எல்லாவற்றையும் வடிவமைப்பார்கள். கோளாறு வண்டியை நிறுத்துமே தவிர மோதவிடாது. பாவம், கோல்கீப்பருக்கு இந்த வசதி இல்லை. முன்னால் ஆடுபவன் தவறினால் பின்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள். இவர் தவறினால் பின்னால் இருப்பது வலை மட்டும்.

இன்னொரு சங்கடம், அணியில் ஒரே ஒரு இடம். முன்வரிசை ஆட்டக்காரருக்கு வலப்பக்கம் இடமில்லையென்றால் இடப்பக்கம் போடலாம். கோல்கீப்பருக்கு அப்படிக் கிடையாது. முதல்வராக இருந்தால் எல்லா ஆட்டமும் உண்டு, இரண்டாமவராக இருந்தால் மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சி மட்டும் இருவருக்கும் ஒன்றே. கிராயின் கதை இங்கேதான் முக்கியமாகிறது.

அதற்கு முன், அவருடைய நாட்டில் வெளியே போய் ஆடுவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹங்கேரியின் மிகப் புகழ்பெற்ற கோல்கீப்பர் குரோஷிச் ஜூலா. 1953-இல் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்திய, மறு ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்ற அந்தப் பொன்னான அணியின் காவலர். அவர் 1949-இல் நாட்டை விட்டு வெளியேற முயன்று பிடிபட்டார். 1956-இல் புடாபெஸ்ட்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது புஷ்காஷ் உள்ளிட்ட சிலர் வெளிநாட்டிலேயே தங்கி, பிறகு ஸ்பெயினில் ஆடிப் புகழும் பொருளும் அடைந்தார்கள். குரோஷிச் 1957-இல் ஊர் திரும்பினார். ததபான்யா என்ற சுரங்க நகரத்து அணியில்தான் ஆட முடிந்தது. கடைசியாகத் தன் மனத்துக்குப் பிடித்த ஃபெரென்ட்ஸ்வாரோஷ் குழுவில் ஆட விரும்பினார். 1962-இல் அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஆட்டத்தையே விட்டுவிட்டார். 2008-இல், தம் எண்பத்திரண்டாம் வயதில், அதே குழு அவரை அழைத்து ஒரு நட்பு ஆட்டத்தின் தொடக்கத்தில் கோலில் நிற்க வைத்து, சில விநாடிகளில் மாற்றி, முதலாம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. நாற்பத்தாறு ஆண்டுக்குப் பிறகு தீர்ந்த கடன்!

கிராய் வளர்ந்தபோது காலம் மாறிவிட்டது. 1989-க்குப் பிறகு எல்லைகள் திறந்தன. 1995 டிசம்பரில் பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய குழுவுக்குப் பணம் கட்டாமல் வேறு குழுவுக்குப் போகலாம், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்குள் வெளிநாட்டார் எண்ணிக்கை வரம்பு செல்லாது என்பது சாரம். ஹங்கேரி அப்போது ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஒரு படி மேலே போய், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பில் உள்ள எல்லா நாட்டவருக்கும் அந்தச் சலுகையை அளித்தது. 1997-இல் கிராய்க்குப் பெர்லினின் கதவு திறந்தது இப்படித்தான். இங்கிலாந்தில் வேலை அனுமதி வாங்குவது கடினம். ஹங்கேரி 2004 மே 1 அன்று ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்தக் கோடையிலேயே அவர் லண்டன் போனார். ஆட்டக்காரரின் திறமை ஒரு பக்கம் இருக்க, எந்தத் தேதியில் எந்தக் கதவு திறக்கிறது என்பதும் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

பெர்லினின் ஹெர்த்தா குழு அந்த ஆண்டுதான் மேல் பிரிவுக்கு ஏறியிருந்தது. அங்கே இவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த இன்னொரு ஹங்கேரியர் தார்தாய் பால். நடுக்கள ஆட்டக்காரர். அவர் வந்ததும் புடாபெஸ்ட்டின் ரயில்வேக் குழுவிலிருந்து! இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ஹெர்த்தாவில் ஏழு ஆண்டுகள், ஜெர்மன் மேல் பிரிவில் 198 ஆட்டங்கள். 1998-99-இல் அணி மூன்றாம் இடம் பிடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்தது. பெர்லினில் செல்சியையும் மிலானையும் வென்றது. பார்சிலோனாவோடு 1999 நவம்பர் 23 அன்று நடந்த ஆட்டத்தைப் பற்றித்தான் என் பேரன் திரும்பத் திரும்பக் கேட்டான். அன்று மைதானத்தில் கடும் மூடுபனி. ஒரு கோடியிலிருந்து மறு கோடி தெரியவில்லை. பார்வையாளர்களுக்குக் கோல் விழுந்ததே ஆரவாரத்தைக் கேட்டுத்தான் தெரிந்தது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது.

மூடுபனி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முகல்சராய்ப் பக்கம் பணியில் இருந்த குளிர்காலங்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் கையை நீட்டினால் விரல் தெரியாது. ஓட்டுநருக்குச் சிக்னல் கம்பம் தெரியாதே! அதற்காகச் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் மேல் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வெடிவில்லைகளை வைத்துக் கட்டுவார்கள். அங்கே அதற்குப் 'பட்டாக்கா' என்று பெயர். எஞ்சின் சக்கரம் ஏறியதும் டப், டப் என்று வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று ஓட்டுநர் காதால் தெரிந்துகொள்வார். கிராய்க்கு அந்த இரவில் பட்டாக்காவும் இல்லை. நூறு மீட்டர் தள்ளி யாரோ எதையோ உதைக்கிற சத்தம், பிறகு வெள்ளைத் திரைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு பந்து. அந்த நிலையில் தொண்ணூறு நிமிடம் நின்ற மனிதரைக் கால் வலித்தது என்று கூடச் சொல்ல விடக்கூடாது என்று பேரனுக்குச் சிரிப்பு.

இப்போது பேண்ட்டுக்கு வருவோம். கால்பந்து ஆட்டக்காரர்கள் அரைக்கால் சட்டை போட்டு ஆடுவார்கள். கிராய் மட்டும், நம் வீட்டில் வயதானவர்கள் காலை நடைக்குப் போட்டுக்கொண்டு போவதுபோல, தொளதொளவென்று ஒரு சாம்பல் நிற முழுப் பேண்ட் அணிந்து ஆடினார். ஏறக்குறைய அவர் ஆட்ட வாழ்க்கை முழுவதும் அதுதான். விதிமீறலும் அல்ல, கோல்கீப்பருக்கு விதியிலேயே இடமுண்டு.

அவர் பேட்டிகளில் சொன்ன காரணம் இது. சின்ன வயதில் மண் தரையிலும், குளிர்காலத்தில் உறைந்து கல்லாகிப்போன புல்தரையிலும் விழுந்து புரண்டு பயிற்சி எடுத்தவர். அரைக்கால் சட்டை போட்டால் தொடை முழுக்கச் சிராய்ப்பு. ஆகவே முழுப் பேண்ட். முதலில் கறுப்புதான் போட்டுக்கொண்டிருந்தார். ஹலதாஷில் ஆடிய காலத்தில் ஒரு நாள் கறுப்புப் பேண்ட் துவைத்து வரவில்லை. கைக்குக் கிடைத்த சாம்பல் நிறத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் அபாயத்தில் இருந்த அணி அன்று வென்றது, அடுத்தடுத்தும் நன்றாக ஆடியது, தப்பித்தது. அதன்பிறகு அவர் கறுப்பைத் தொடவில்லை. தான் ஒரு கோல்கீப்பர், அழகுப் போட்டிக்கு வந்தவன் அல்ல என்று கேலி செய்தவர்களிடம் சொல்லிவிட்டார். சகுனம் பார்ப்பது மூடநம்பிக்கை என்று நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் இரவுப் பணிக்குக் கிளம்பும்போது ஒரே டார்ச் விளக்கைத்தான் இருபது ஆண்டு எடுத்துப் போனேன் என்பதை என் மனைவி இந்த இடத்தில் நினைவூட்டினாள்.

1998 மார்ச் 25 அன்று ஹங்கேரி தேசிய அணிக்காக முதன்முறை இறங்கினார். எதிரி ஆஸ்திரியா, இடம் வியன்னா. முதல் ஆட்டத்திலேயே ஒரு பெனால்டியைத் தடுத்தார். ஹங்கேரி 3-2 என்று வென்றது. இருபத்திரண்டு வயது நிரம்ப ஒரு வாரம் பாக்கி. இனி உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை எல்லாம் வரும் என்று அன்று அவர் நினைத்திருப்பார். ஹங்கேரி கடைசியாக ஒரு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது 1986 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு. இவர் சேர்ந்த பிறகு 2000, 2002, 2004 என்று ஒவ்வொரு போட்டியும் வந்தது, போனது. ஹங்கேரி எதற்கும் தகுதி பெறவில்லை. 2013 அக்டோபரில் நெதர்லாந்திடம் 8-1 என்று தோற்கும் அளவுக்கு அந்தப் பொன்னான அணியின் நாடு தேய்ந்துபோயிருந்தது.

லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் குழுவில் சேர்ந்த முதல் ஆண்டு, 2004-05. சிறிது காலம் வெளியே உட்கார்ந்திருந்து பிறகு இடத்தைப் பிடித்தார். அணி கடைசி நாள்வரை தத்தளித்தது. 2005 மே 15, சார்ல்டன் மைதானம். பேலஸ் 2-1 என்று முன்னணியில். இப்படியே முடிந்தால் மேல் பிரிவில் தங்கிவிடலாம். 82-ஆம் நிமிடம் ஒரு ஃப்ரீ கிக், ஒரு தலைமுட்டு, 2-2. ஒரே ஒரு புள்ளியில் அணி கீழே இறங்கியது. கோல்கீப்பரின் தவறு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் வலையிலிருந்து பந்தைப் பொறுக்கி எடுப்பவர் அவர்தானே.

பேலஸுக்கு லீகில் 104 ஆட்டங்கள் ஆடினார். அதற்குப் பிறகுதான் என் பேரனுக்காக நான் தேடிப் பிடித்த பகுதி வருகிறது. 2006-07-இல் வெஸ்ட் ஹாம் அவரைக் கடனாக வாங்கியது, ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு ஆஸ்டன் வில்லாவில் கடன், ஐந்தே ஆட்டங்கள். அடுத்து பர்ன்லி. முதல் பருவத்தில் 27 ஆட்டங்கள், இரண்டாவதில் இடம் போயிற்று. 2009 ஜனவரியில் ஜெர்மனியின் பாயர் லெவர்குசனுக்குக் கடனாகப் போய் அங்கேயும் பெஞ்சு. அவர் அங்கே உட்கார்ந்திருந்தபோதே இங்கே பர்ன்லி மேல் பிரிவுக்கு ஏறிவிட்டது. முப்பத்து மூன்று வயது. தேசிய அணியிலும் இடம் போய்ப் போய் வந்தது.

வெளியூரில் வேலை பார்ப்பவனுக்கு வேலையே இல்லாமல் சம்பளம் மட்டும் வரும் நாட்கள் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் போய் முழுப் பயிற்சி எடுக்க வேண்டும். முதல் கோல்கீப்பருக்குப் பந்தை உதைத்து உதைத்து அவரைத் தயார்செய்ய வேண்டும். சனிக்கிழமை குளிப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே சட்டை அழுக்கில்லாமல் இருக்கும். எங்கள் பிரிவில் டீசல் ஜெனரேட்டர் ஒன்று நிலையத்துக்கு நிலையம் வைத்திருப்போம். ஆண்டு முழுதும் மின்சாரம் இருந்தாலும், வாரம் ஒரு முறை அதை ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டாமல் விட்டால் தேவைப்படும் அன்று அது கிளம்பாது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஓட்டாமலே கையெழுத்துப் போடுவார்கள். கிராய் ஓட்டிப் பார்த்தார் என்றுதான் நான் சொல்வேன்.

2009-இல் மியூனிக் 1860 என்ற குழு அவரை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு. பெரிய பெயரோ பெரிய கோப்பையோ இல்லை. ஐந்து ஆண்டுகள் நிலையாக ஆடினார். 2014-இல் மீண்டும் லண்டன், ஃபுல்ஹாம் குழு, சில ஆட்டங்களிலேயே இடம் போயிற்று. முப்பத்தெட்டு வயது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் தார்தாய் பால் திரும்ப வருகிறார். 2014 செப்டம்பரில் ஹங்கேரி தேசிய அணியின் பயிற்சியாளராக அவரை நியமித்தார்கள். பெர்லினில் தன் பின்னால் நின்று கத்திக் கொண்டிருந்த அந்தக் குரலை அவர் மறக்கவில்லை போலும், கிராயைக் கோலில் நிறுத்தினார். தார்தாய் 2015-இல் ஹெர்த்தாவுக்குப் பயிற்சியாளராகப் போய்விட, ஜெர்மானியரான ஷ்டோர்க் பொறுப்பேற்றார். 2015 நவம்பரில் நார்வேயோடு கடைசித் தகுதிச் சுற்று. ஆஸ்லோவில் 1-0, புடாபெஸ்ட்டில் 2-1. முப்பது ஆண்டுக்குப் பிறகு ஹங்கேரி ஒரு பெரிய போட்டியில் ஆடப் போகிறது. கிராய் காத்திருந்ததோ பதினெட்டாவது ஆண்டு. அதே 2015-இல் அவர் ஃபுல்ஹாமை விட்டு ஊர் திரும்பி, அந்த ரயில்வேக் குழுவான ஹலதாஷிலேயே சேர்ந்துவிட்டிருந்தார்.

2016 ஜூன் 14, பிரான்சில் போர்தோ நகரம். நமக்கு இரவு ஒன்பதரை மணி. தொலைக்காட்சி முன் நான் மட்டும்தான். எதிரி யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஆஸ்திரியா. அன்று கிராய்க்கு வயது 40 ஆண்டும் 74 நாளும். ஐரோப்பியக் கோப்பையில் ஆடியவர்களிலேயே மிக மூத்தவர் என்ற பெயரை 2000 முதல் வைத்திருந்தவர் ஜெர்மனியின் லோத்தர் மத்தேயஸ். அதை அன்று இவர் தாண்டினார். சாம்பல் நிறப் பேண்ட்டைப் பார்த்ததும் நான் தனியாகச் சிரித்தேன். ஹங்கேரி 2-0 என்று வென்றது.

அடுத்த ஆட்டம் ஐஸ்லாந்தோடு. இதைப் பேரனிடம் மறைக்காமல் சொன்னேன். உயரே வந்த பந்தைப் பிடிக்கப் போன கிராயின் கையிலிருந்து அது நழுவியது. அந்தக் களேபரத்தில் ஒரு ஹங்கேரியர் எதிராளியைத் தள்ள, பெனால்டி, கோல். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஐஸ்லாந்துக்காரர் ஒருவரே தம் கோலுக்குள் பந்தைத் தள்ளிவிட, 1-1. பிழைத்தார்! மூன்றாவது ஆட்டம் போர்ச்சுகலோடு 3-3. மூன்று முறை ஹங்கேரி முந்த, மூன்று முறை போர்ச்சுகல் சமன் செய்தது. ரொனால்டோ குதிகாலால் ஒன்று, தலையால் ஒன்று போட்டார். ஆனால் அந்தப் பிரிவில் முதலிடம் ஹங்கேரிக்கு. மூன்றாம் இடத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய போர்ச்சுகல்தான் கடைசியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது, கால்பந்தில் இதெல்லாம் சகஜம்.

அடுத்த சுற்றில் பெல்ஜியம். நமக்கு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை மணிக்குத் தொடக்கம். முடிவு 4-0. எண்ணிக்கையைப் பார்த்தால் அடித்து நொறுக்கியதுபோல் தெரியும். ஆனால் 78-ஆம் நிமிடம் வரை 1-0 தான். நாற்பது வயது மனிதர் பாய்ந்து பாய்ந்து தடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அணையில் விரிசல் விட்டதுபோல் மூன்று கோல்கள்.

2016 நவம்பர் 15 அன்று ஸ்வீடனுக்கு எதிராகத் தேசிய அணிக்குக் கடைசி ஆட்டம். மொத்தம் 108. பொன்னான அணியின் போஜிக் 1962-இல் விட்டுச் சென்ற 101 என்ற கணக்கை அவர் தாண்டியிருந்தார். பிறகு ஜுஜாக் என்பவர் 109 ஆடி அவரை முந்தினார். வயதுக் கணக்கையும் 2024-இல் போர்ச்சுகலின் பெப்பே நாற்பத்தோராம் வயதில் ஆடித் தாண்டிவிட்டார். கிராய் ஹலதாஷில் 2019 வரை, நாற்பத்து மூன்று வயது வரை கோலில் நின்றார். ஊரிலேயே பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடமும் வைத்திருக்கிறார்.

அவர் வென்ற பெரிய கோப்பை எது என்று பேரன் கேட்டான். சொல்லும்படி ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த லெவர்குசன்ல எத்தனை மாசம் தாத்தா உட்கார்ந்திருந்தார்?" என்றான். "ஒரு அரைப் பருவம்" என்றேன். விரல் விட்டு எதையோ எண்ணினான். என்னவென்று நான் கேட்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஏழாவது ஆட்டம். முதல் பையனுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, திடமாகத்தான் இருக்கிறான். ஆனாலும் நேற்று லேக் மார்க்கெட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு சாம்பல் நிறப் பேண்ட் வாங்கிக்கொண்டான். புதுத் துணியைத் துவைக்காமல் போடக்கூடாது என்று அவன் பாட்டி அதை வாங்கி ஊறப் போட்டுவிட்டாள். மூன்று நாளாக விடாமல் மழை. ஞாயிற்றுக்கிழமைக்குள் காயுமா என்று அவன் மணிக்கொரு தரம் கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.